அலுமினிய மூளையும் ஆனைமலை மிளகாயும்

மூளை வாங்கக் கோயம்புத்தூர் போகிறேன் என்றதும் ஆசிரியர் அறையே சிரித்தது. "ஏன் மங்கை டீச்சர், உள்ளூர்ல கிடைக்கலையா?" என்றார் கணக்கு ஆசிரியர். "உங்களுக்கும் சேர்த்து ஒன்னு வாங்கிட்டு வரேன்" என்றேன். அவர் விடைத்தாள்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். மனித மூளை எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சி நம் குணத்தையும் ஊர் உறவுகளையும் எப்படி உருவாக்கியது என்பது என் தீராத பைத்தியம். இதற்கென்று பள்ளியில் ஓர் அறை வேண்டும் என்று தலைமையாசிரியை மேடம் லிம்மைத் துளைத்தெடுத்து, கடைசியில் வாங்கியும் விட்டேன். ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அறையில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அறை பூப்பந்து மட்டைகளுக்குப் போய்விடும். உடற்கல்வி ஆசிரியர் அதற்குள் நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

பார்ப்பதற்கு என்னிடம் நான்கு மூளைகள் இருந்தன, பிளாஸ்டரில். மண்டையோட்டின் உட்புறத்தை அச்செடுத்தால் ஒரு காலத்தில் அதற்குள் இருந்த மூளையின் உருவம் கிடைத்துவிடும். கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் தோழி கொடுத்தது அந்த நான்கும். முதலாவது சிம்பன்சி. இரண்டாவது, ஆப்பிரிக்காவில் முதன்முதலாக நிமிர்ந்து நடந்த நம் பாட்டன். மூன்றாவது, நெடுங்காலம் கழித்து வந்த பெரிய தலைக்காரர். நான்காவது நாம். பிளாஸ்டரைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மாவாகிவிடும். எனக்கோ அவர்கள் கையில் தூக்கி எடை பார்க்கவேண்டும், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகக்கூடாது. அலுமினியத்தில் வார்க்கலாம் என்று பார்த்தால், நாலு துண்டுக்கு யார் உலை மூட்டுவார்கள் என்று ஈப்போ பட்டறைகள் கையை விரித்தன. தோழியின் உறவு வழியில், கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு வார்க்கும் சீனிவாசன் என்பவர் தொலைபேசியில் அகப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாமுங்க" என்றார். தோழியிடமும் வேறு பிரதி இல்லாத அந்த நான்கையும் மரத்தூளில் புதைத்துக் கப்பலில் அனுப்பிவிட்டு, விடுமுறை விட்டதும் நானும் கிளம்பினேன்.

கோயம்புத்தூரில் இறங்கியதும் முகத்தில் அடித்த குளிர்காற்றை என்னவென்று சொல்வேன்! இந்தியா என்றால் வெயில் என்று நினைத்து வந்த எனக்கு, தை மாதக் காலையில் காது மடல் சில்லிட்டது. நிலையத்துக்கு எதிரே ஓர் உணவு விடுதியில் சந்தகை தந்தார்கள். நம் ஊர் இடியாப்பத்தின் தம்பி. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிப் பிசைந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். தண்ணீருக்கு ருசி உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலைந்து நிறுத்தங்களுக்குள் வண்டி பிதுங்கியது. கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண், "அம்மணி, இவனச் சித்த புடிங்க" என்று சொல்லிக்கொண்டே தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். என் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. குழந்தையும் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என் கைக்கடிகாரத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் வருடக்கணக்காக நான் தொண்டை கிழியச் சொல்லும் பாடம் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது! நிமிர்ந்து நடப்பதற்கு இடுப்பெலும்பு குறுகியது, மூளைக்காகத் தலை பெருத்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதக் குழந்தை வேகும் முன்னே இறக்கிய சோறுபோல அரைகுறையாகப் பிறக்கிறது. கன்றுக்குட்டி பிறந்த அன்றைக்கே எழுந்து நிற்கும், நம் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவே மாதங்கள் ஆகும். அதைத் தாய் ஒருத்தியால் மட்டும் வளர்த்துவிட முடியாது. இன்னொரு கை வேண்டும், அடுத்த வீட்டுக் கையும் வேண்டும். சிம்பன்சித் தாய் ஆரம்ப மாதங்களில் குட்டியை லேசில் யாரிடமும் கொடுக்கமாட்டாள். நாமோ ஓடும் பேருந்தில் முன்பின் தெரியாத உயிரியல் டீச்சரிடம் கொடுத்துவிடுகிறோம்.

பக்கத்து இருக்கையில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள் விசாரணையைத் தொடங்கினார்.

"எந்த ஊருங்க அம்மணி?"

"ஈப்போங்க. மலேசியா."

"செரிங்க. அதுக்கு மின்னாடி?"

"அதுக்கு முன்னாடின்னா, தாத்தாவுக்குக் கொடுமுடிப் பக்கம்னு சொல்லுவாங்க."

"கொடுமுடியா! எங்க சின்ன மாமியாரு ஊடு கொடுமுடிதானுங்க. நீங்க யாரு ஊட்டுங்க?"

எங்கள் ஊரில் பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டு, எங்கே வேலை என்பார்கள். இங்கே யார் வீடு என்று தெரியாமல் ஆள் முழுமையாவதில்லை. யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, யாரை நம்பலாம் என்ற இந்த வரைபடத்தைத் தலைக்குள் வைத்திருக்கத்தான் மூளை இவ்வளவு பெருத்தது என்று ஒரு கட்சி உண்டு. நானும் அந்தக் கட்சிதான். கீரைக்கார அம்மாள் கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் என்னைத் தன் சின்ன மாமியாருக்குத் தூரத்து உறவாக்கி, ஒரு கட்டுக் கீரையும் கொடுத்துவிட்டார்.

இதற்குள் என் நிறுத்தம் வந்தது. குழந்தையின் தாயைக் காணவில்லை. கூட்டம் அவளைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. "குழந்தை! குழந்தை!" என்று கத்தினேன். நடத்துநர் ஒன்றும் பதறவில்லை. "அப்படியே பின்னால உடுங்க" என்றார். குழந்தை கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலே மிதந்துபோய்த் தாயிடம் சேர்ந்தான். அவன் சேரும்வரை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கீரைக்கட்டோடு வெயிலில் திரும்பி நடந்தேன். கோபமே வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம் நிற்கும் என்று பெயரெடுத்த எனக்கு அது பெரிய செய்தி.

சீனிவாசனின் பவுண்டரியை, அந்த வார்ப்புப் பட்டறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நடுவில் பழைய ஓட்டுக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதன் தலையில் மாடி அலுவலகம், எல்லாவற்றுக்கும் நடுவே இன்னமும் தண்ணீர் இறைக்கும் ஒரு கிணறு. "வேலைய நிறுத்தாமயே ஒவ்வொண்ணா சேத்துனதுங்க, பிளானெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று கூச்சத்தோடு சொன்னார், அறுபதை ஒட்டிய மனிதர். ஐயா, நம் மூளையும் இப்படித்தான் கட்டப்பட்டது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மீன் காலத்துக் கொட்டகையும் அங்கேயே இருக்கிறது, ஷிப்டு நிற்கவே இல்லை, இருந்ததையே இழுத்து நீட்டிப் புதிய வேலைக்குப் பழக்கினதுதான். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதன்பின் கட்டடத்துக்காக வெட்கப்படுவதை விட்டுவிட்டார்.

"மூளையப் பாக்கலாங்களா?" என்றேன்.

"பாக்காம என்னங்க? மொதல்ல ஊட்டுக்கு வாங்க. சாப்பிட்டுப்போட்டு நிம்மதியாப் பாத்துக்கலாமுங்க."

வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மாள் அரிசிம்பருப்புச் சோறு பரிமாறினார். அரிசியையும் பருப்பையும் சீரகம், பூண்டோடு ஒன்றாகப் பொங்கி, மேலே நெய்யை அருவியாக விட்டது. கடைந்த கொள்ளு, கத்தரிக்காய், சுட்ட அப்பளம். நம் மூளை உடம்பின் எடையில் சிறு பங்குதான், ஆனால் தின்கிற சோற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கு இழுத்துக்கொள்ளும். அன்று என் மூளைக்குப் பொங்கல் பண்டிகை.

அந்த வீட்டில் தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொண்டார்கள். மலேசியாவில் பாகான் டத்தோ என்னும் ஊரில் தெலுங்குக் குடும்பங்களின் நடுவில் நான் வளர்ந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் இரண்டாவது கவளத்தில் இருந்தபோது சீனிவாசன் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார்: "நாலாவது மூளை கோணலாக வந்திருந்ததல்லவா, பழனிச்சாமி அதை நேராக்கிவிட்டான். இப்போது சொல்லிவிடாதே. அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும்."

அரிசிம்பருப்பு தொண்டையில் நின்றுவிட்டது. நேராக்கிவிட்டானா? மனித மூளையில் வலப்பக்கம் முன்னால் சற்று நீண்டிருக்கும், இடப்பக்கம் பின்னால் சற்றுத் துருத்தும். பெரும்பாலான மண்டைகளில் இப்படித்தான். இரண்டு பாதியும் ஒரே வேலையைச் செய்யாமல் பங்கு பிரித்துக்கொண்டதன் சாயல் அது, பேச்சின் பெரும்பகுதி இடப்பக்கத்தில். அந்தக் கோணலைக் காட்டத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்! எழுந்து ஓடலாம் என்று கால் துடித்தது. ராஜேஸ்வரி அம்மாள் சிரித்த முகமாக இன்னொரு கரண்டி வைத்தார். "கூச்சப்படாம சாப்புடுங்க." சாப்பிட்டேன். மனிதன் ஆசையையும் கோபத்தையும் அடக்கப் பழகியது வேட்டையில் அல்ல, விருந்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. தயிர்ச் சோறும் முடிகிறவரை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பட்டறை மேசையில் நாலும் பளபளவென்று வரிசையாக நின்றன. பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு பழனிச்சாமி. வார்ப்புக்கு முன் மரத்தில் மாதிரி செதுக்குபவர், அங்கே பேட்டர்ன்காரர் என்பார்கள். என் வயதுதான் இருக்கும், நாற்பது. முதல் மூன்றும் அற்புதம். நான்காவது இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல அச்சு அசல் சமமாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். இங்கே குரங்கின் பங்காளியைப் பிடிக்கப்போய்ப் பிள்ளையாரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு நேராக்குனீங்க?" என்றேன்.

பழனிச்சாமியின் முகத்தில் இருந்த பூரிப்பு மெல்ல இறங்கியது. "பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் ஒரு பக்கம் கனமா இருந்தா மிசினே ஆடிப்போடுமுங்க. இது மூளையாச்சுங்களே, கோணலா இருந்தா என்னத்துக்காகுமுங்க?"

"அப்ப மத்த மூணையும் ஏன் விட்டீங்க?"

"அதெல்லாம் கொரங்கும் பழைய ஆளுங்களுந்தானுங்க, எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். நாலாவது நம்ம மூளைங்க. வெளிநாட்டுப் பசங்க பாக்கறப்ப கோணையா இருந்தா உங்களுக்குத்தானுங்க கெட்ட பேரு."

அவ்வளவுதான், ஆடித் தீர்த்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் என் மாணவர்கள் படிப்பார்கள். கோபத்தை நமக்குள் இருக்கும் மிருகம் என்பார்கள். பாவம் மிருகம்! என் கை நடுங்கியது பழைய கொட்டகையின் வேலை என்றால், ஒரு இலக்கணப் பிழைகூட இல்லாமல் திட்டியது புதிய கொட்டகையின் வேலை. இரண்டும் சேர்ந்துதான் மனிதக் கோபம். நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்கள் பேச்சில் "ங்க" கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் சீனிவாசன், "தப்புத்தானுங்க, தண்ணி குடிங்க" என்றபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

பிளாஸ்டர் அசல் பத்திரமாக இருந்தது, அதுவரை பிழைத்தோம். ஆனால் அதைப் பார்த்துப் புதிதாக மரத்தில் செதுக்க நாள் பிடிக்கும். எனக்கோ விமானத்தைப் பிடிக்க மூன்றாம் நாள் மாலை ரயில். நடுவில் இருக்கும் நாள் தை அமாவாசை. அமாவாசையில் அங்கே பேட்டர்ன்காரர்கள் உளியைத் தொடமாட்டார்கள், உலையும் மூட்டமாட்டார்கள். போதாததற்குப் பட்டறையே குடும்பத்தோடு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேன் பேசியிருந்தது.

"ஒரே வழிதானுங்க இருக்குது" என்றார் பழனிச்சாமி, என் முகத்தைப் பார்க்காமல். "மர மாதிரி இல்லாம, பிளாஸ்டரையே நேரா மணல்ல பதிச்சு அச்செடுத்துக்கலாமுங்க. நாளான்னைக்குக் காத்தால. ஆனா மணலை இடிச்சு இறுக்கறப்ப அது தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க. வார்ப்பும் ஆறுறப்ப சுருங்கி ஒரு நூல் சின்னதா வரும்."

"ஒரு நூல் குறைஞ்சா மனுஷனுக்கு ஒன்னும் குறைஞ்சுடாது" என்றேன். உடைந்தால்தான் வம்பு. தோழியின் ஒரே அசலும் போகும், நேராக்கிய பொய் மூளைதான் மிஞ்சும். அதைக் கொண்டுபோய் வைத்தால் மேடம் லிம்முக்குத் தெரியப்போகிறதா, உடற்கல்வி ஆசிரியருக்குத்தான் தெரியப்போகிறதா? எனக்குத் தெரியுமே. மணலில் பதியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அமாவாசை. ஈப்போவில் சீனப் புத்தாண்டுக்குப் பட்டாசு வெடிக்கும் வேளையில் நான் பவுண்டரிக் குடும்பங்களோடு வேனில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். கிணத்துக்கடவு தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. ஓட்டுநர் டயரை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடையைத் தேடிப் போக, நாங்கள் தென்னந்தோப்பு நிழலில் இறங்கினோம். எங்கள் ஊரில் இந்நேரம் ஆளாளுக்கு ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருப்போம். இங்கே அதற்குள் பாய் விரித்துவிட்டார்கள்.

தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பொள்ளாச்சி இளநீரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதவேண்டும், இங்கே இடமில்லை. கையில் சிறிதும் பெரிதுமாகத் தேங்காய்கள், எதிரே போக இடமில்லாத கூட்டம். டீச்சருக்கு வேறென்ன வேண்டும், கரும்பு தின்னக் கூலியா! நாலு காய்களை வரிசையாக வைத்துப் பாடத்தைத் தொடங்கினேன். முதல் இரண்டும் குரும்பைகள், கிட்டத்தட்ட ஒரே அளவு. "பாருங்க, முதல்ல எழுந்து நின்னோம், மூளை பெருத்தது ரொம்பப் பின்னாடிதான். கை சும்மா இருந்துச்சு. கல்லை உடைச்சோம், நெருப்பு வச்சோம், வேக வச்சுத் தின்னோம். வெந்த சோறு சீக்கிரம் செரிக்கும், அந்த மிச்சம் மூளைக்குப் போச்சு."

"அத்தன பெருசு எதுக்குங்க? கல்லு உடைக்கறதுக்கா?" என்றாள் பழனிச்சாமியின் மனைவி சரோஜா.

"ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கறதுக்கு. இவ என்ன நினைக்கறா, நான் நினைக்கறதா அவ என்ன நினைக்கறான்னு கணக்குப் போடறதுக்கு."

"அது நெசந்தானுங்க!" என்று சரோஜா கையைத் தட்டினாள். "எங்க நாத்தனா மனசுல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிக்க எனக்கு இன்னொரு மூளை வேணுமுங்க." பாயில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நாத்தனார்தான் அதிகம் சிரித்தார். நான் நாலாவது காயை எடுத்து, மட்டையை வலது முன்பக்கமும் இடது பின்பக்கமும் கொஞ்சம் விட்டுச் செதுக்கித் தரச் சொல்லிக் கோணலைக் காட்டினேன். பழனிச்சாமி அதை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பித் தடவினார். "அப்ப ரெண்டு பக்கமும் ஒட்டுக்கா ஒரே வேலையச் செய்யறதில்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச மாதிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனைமலை வந்து சேர வெயில் ஏறிவிட்டது. மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள், நெடிய உருவம். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது மிளகாய் நெடி. களவு கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் அங்கே கல்லில் மிளகாயை அரைத்து அம்மனுக்குப் பூசி நியாயம் கேட்கிறார்கள். தப்புச் செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேருமாம். நியாயம் கிடைத்ததும் திரும்ப வந்து எண்ணெய்க் காப்பிட்டு அம்மனைக் குளிர்விக்கவேண்டும். வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் என்ன வழக்கு என்று கேட்டேன். "ஆட்டப் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க. ஆருன்னு தெரியுமுங்க, கேட்டா இல்லீங்கறான். அதான் அம்மாகிட்டச் சொல்லிப்போட்டுப் போலாம்னு" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிறு கூட்டமாகக் காடு மேடு அலைந்த காலத்தில், பங்கிட்டுத் தின்றால்தான் எல்லோரும் பிழைக்கலாம். ஒருவன் ஏமாற்றினால் எல்லோருக்கும் பசி. ஏமாற்றியவனைக் கண்டுபிடிக்கவும், மறக்காமல் வைத்திருக்கவும், ஊருக்குச் சொல்லவும் தெரிந்த மூளைகள் தழைத்தன. நீதிமன்றம், பஞ்சாயத்து, வம்புப் பேச்சு எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் எண்ணெய்க் காப்பை எந்தப் பாடத்திலும் நான் சொன்னதில்லை. தண்டிக்க மட்டும் தெரிந்த கூட்டம் நிலைத்திருக்காது, ஆறவும் தெரியவேண்டும். இனிமேல் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அரைக்கும் கல் பக்கம் நகரும்போதெல்லாம் பழனிச்சாமி குறுக்கே வந்தார். "டீச்சர், டீ சாப்புடலாமுங்களா?" இப்போதுதானே குடித்தோம் என்றேன். "பொரி வாங்கட்டுங்களா?" சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவுரு மேல மொளகா அரைச்சுப்போடுவீங்கன்னு பயமுங்க. காத்தால இருந்து சோறே எறங்குல."

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், காது சிவந்து. "செஞ்சது தப்புன்னா அரைங்க. ஆனா நாளைக்கு ஊத்தறதப் பாத்துப்போட்டு அப்புறம் அரைங்க."

"நாளைக்கு நான் ரயில் ஏறிடுவேன். மிளகாய் அரைக்கத் திரும்பவும் ஆனைமலைக்கா வரமுடியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். நியாயமான கேள்விதான் என்பதுபோல மிளகாய்க் கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை பிளாஸ்டர் மூளையைப் பெட்டிக்குள் வைத்துக் கருப்பு மணலைக் கொட்டினார்கள். வழக்கமாகக் கட்டையால் இடிப்பவர்கள் அன்றைக்குக் கைமுட்டியால் அழுத்தினார்கள், பிள்ளைக்குத் தலை தேய்ப்பதுபோல. பெட்டியைப் பிரித்து, பழனிச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டரை மணலிலிருந்து தூக்கினார். தூக்கும்போதே அது அவர் கையில் இரண்டாகப் பிளந்தது.

அவர் பிளந்த துண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, மணலில் இருந்த பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். "அச்சு நல்லா இருக்குதுங்க. ஒரு தடவதான் ஊத்த முடியும்" என்றார். பிறகு மேசையிலிருந்து அந்த நேராக்கிய மூளையை எடுத்து, ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, உருக்கும் குவளைக்குள் போட்டார். தான் பார்த்துப் பார்த்துச் செய்ததை உருக்கித்தான் என் கோணல் மூளையை வார்க்கப்போகிறார். முந்தாநாள் அதைப் பார்த்துக் கத்தியவள் நான், அது சாய்ந்து இளகியபோது நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது.

ஊற்றினார்கள். ஆறட்டும் என்றார்கள். ஆறுகிற நேரத்தில் ராஜேஸ்வரி அம்மாள் வந்து, சாப்பிடாமல் ரயிலுக்குப் போகிறவர்களை அந்த வீட்டுக்குப் பழக்கமில்லை என்று இழுத்துக்கொண்டு போனார். அவசர அவசரமாக நான் ஒப்புட்டு என்னும் பருப்புப் போளியை விழுங்கித் திரும்பும்போது, மணலை உடைத்து, பிசிறை ராவி, நாலையும் மரத்தூளில் புதைத்து, பெட்டிக்கு ஆணியும் அடித்துவிட்டிருந்தார்கள். நான் இன்னும் பார்க்கவில்லையே என்று அலறினேன். "ரயிலு போயிருமுங்க!" என்று சீனிவாசன் என்னைக் காருக்குள் தள்ளினார். கதவைச் சாத்திய பழனிச்சாமி, "ஊருக்குப் போய்ப் பாத்துப்போட்டு முடிவு பண்ணிக்குங்க டீச்சர்" என்றார். பட்டறை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கையசைத்தார்கள். வடகோவையில் ரயில்வே கேட் அடைத்திருந்து, நிலையத்தில் படியேறி ஓடி, பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. பலகை வழியே இன்னும் இளஞ்சூடு தெரிந்தது. முதல் நாள் பேருந்துக் குழந்தையின் சூடு அது.

கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டினார். உள்ளே என்ன என்று மலாயில் கேட்டார். நாலு மூளை என்றேன். ஆணியைப் பிடுங்கச் சொன்னார். சிம்பன்சி வந்தது, பாட்டன் வந்தார், பெரிய தலைக்காரர் வந்தார். நாலாவதை நானே மரத்தூளுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். பார்க்கப் பயமாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வலது முன்னால் நீண்டிருந்தது. இடது பின்னால் துருத்தியிருந்தது. கோணல்! அழகான, அசல், மனிதக் கோணல்! நான் போட்ட கூச்சலில் அதிகாரி ஓரடி பின்வாங்கினார்.

பெட்டியின் அடியில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. அதிகாரி பிரித்தார். ஒரு கைப்பிடி வற்றல் மிளகாய். இது எதற்கு என்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. உத்தரவாதம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் முத்திரை குத்திவிட்டார்.

பள்ளி திறந்த அன்று அறையும் திறந்தது. பிளந்த பிளாஸ்டருக்காகத் தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பிள்ளைகள் வரிசையாக வந்து நாலு மூளையையும் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி நாலாவதைக் கீழே போட்டாள், தரையோட்டில்தான் கீறல். பூப்பந்து மட்டைகள் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கின. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பவுண்டரிக்குத் தொலைபேசி போட்டேன். சீனிவாசன் எடுத்து, உடனே பழனிச்சாமியைக் கூப்பிட்டார்.

"டீச்சருங்களா? மூளை எப்படி இருக்குதுன்னு அப்புறம் சொல்லுங்க" என்றார் எடுத்த எடுப்பில். "மொளகாய என்ன பண்ணுனீங்க?"

"அரைச்சுட்டேங்க."

மறுமுனையில் பட்டறை இரைச்சல் மட்டும் கேட்டது.

"மீன் குழம்புக்கு" என்றேன்.